பழைய மோட்டார்ஹோமின் தண்ணீர் டேங்க்: ப்ளீச்சா, பெராக்சைடா, வினிகரா?

மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வீட்டு வண்டி. அதன் தண்ணீர் டேங்கில் கிருமி நீக்க இந்த மூன்றில் எதை ஊற்றுவது என்று சண்டை போடுவதற்கு முன்னால் டேங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உட்சுவரில் கை எட்டினால் தடவியும் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் அது வெறும் அழுக்கு இல்லை, கிருமிகள் தாங்களே சுரந்த பசைக்குள் குடியிருக்கும் படலம். அதன்மேல் எந்த மருந்தை ஊற்றினாலும் மேலாக இருப்பது சாகும், அடியில் இருப்பது தப்பித்து மறுபடி வளரும். அதனால் சோதனை மூடி இருக்கும் டேங்க் என்றால் அதைத் திறந்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, அடி வண்டலைக் கழுவி வெளியேற்றுவதுதான் முதல் வேலை. மூடி இல்லையென்றால் பாதி தண்ணீர் நிரப்பி, வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி, நன்றாக அலம்பவிட்டு வடித்துவிடுங்கள். தேய்த்த அளவுக்கு வராது, ஆனால் வண்டலில் பெரும்பகுதி போய்விடும்.

சரி, இப்போது மருந்து. பிளாஸ்டிக் டேங்க் என்றால் என் ஓட்டு வாசனையில்லாத சாதாரண ப்ளீச்சுக்குத்தான். கணக்கு சுலபம்: 5 சதவீத ப்ளீச்சில் 1 லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி, அதாவது 100 லிட்டர் டேங்குக்கு 100 மில்லி. லிட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். முதலில் ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றி, பிறகு டேங்கை நிரப்பி, ஒவ்வொரு குழாயையும் (வெந்நீர்ப் பக்கம், வெளி ஷவர், கழிப்பறை எல்லாவற்றையும்) குளோரின் வாடை வரும்வரை திறந்துவிட்டு மூட வேண்டும். குறைந்தது 4 மணி நேரம் அப்படியே விடுங்கள். அவசரமென்றால் அளவை இரட்டிப்பாக்கி 1 மணி நேரம். கார்பன் ஃபில்டரை முன்பே கழற்றி வைக்காவிட்டால் அது குளோரினை உறிஞ்சிவிடும், ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் குழாய்களுக்கு எதுவும் போய்ச் சேராது. ப்ளீச் புட்டி பழையதா என்றும் பாருங்கள், வைக்க வைக்க வீரியம் குறையும் சரக்கு அது. ப்ளீச்சிங் பவுடரும் குளோரின்தானே என்று நேராகக் கொட்டிவிடாதீர்கள், கரையாத சுண்ணாம்பு அடியில் தங்கி பம்ப் வடிகட்டியை அடைக்கும்.

ப்ளீச்சின் குறை இரண்டு. வாடை போக நாலைந்து முறை அலச வேண்டியிருக்கும், அப்புறம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அது புள்ளிபுள்ளியாக அரிக்கும். ஸ்டீல் டேங்க் வைத்திருப்பவர்களுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு நல்ல மாற்று. கடைசியில் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும், வாடை இல்லை. ஆனால் 3 சதவீதப் புட்டியை வைத்துக்கொண்டு பெரிய டேங்கை நிரப்ப நினைத்தால் புட்டி புட்டியாகக் காலியாகும். வேலையும் மெதுவாகத்தான் நடக்கும், அதுவும் பல கிருமிகளிடம் பெராக்சைடை உடைக்கும் நொதி இருப்பதால் படலம் தடித்த டேங்கில் இன்னும் மெதுவாக.

வினிகரை இந்தப் போட்டியில் சேர்ப்பதே தவறு என்பேன். அது உப்புக்கறைக்கான சரக்கு. குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்ததை அருமையாகக் கரைக்கும், சிட்ரிக் ஆசிட் அதைவிட வாடையில்லாமல் அதே வேலையைச் செய்யும். கிருமி நீக்க இரண்டையும் நம்ப வேண்டாம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: அமிலத்தையும் ப்ளீச்சையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய வண்டிக்குள் அது விளையாட்டில்லை. உப்புக்கறையை முதலில் எடுத்து, முழுக்க வடித்து, நன்றாக அலசிவிட்டு அப்புறம்தான் ப்ளீச். பெராக்சைடோடும் எதையும் கலக்க வேண்டாம்.

இன்னொரு ஆள் குளோரின் டை ஆக்சைடு. படலத்துக்குள் ஊடுருவுவதில் ப்ளீச்சைவிடக் கெட்டிக்காரன், தண்ணீரின் காரத்தன்மை கூடினாலும் வீரியம் அவ்வளவாகக் குறையாது. விலை அதிகம், பெரும்பாலும் இரண்டு பொருள்களைச் சொன்ன அளவில் கலந்து தயாரிக்க வேண்டும். கை நுழையாத டேங்க், வருடக்கணக்கில் தண்ணீர் தேங்கிய வண்டி என்றால் நான் இதற்குத்தான் செலவு செய்வேன்.

வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் டேங்கைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் ஹீட்டர் அரிக்காமல் இருக்க அதற்குள் வைத்திருக்கும் மக்னீசியக் கம்பியும் சில கிருமிகளும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஹீட்டரை அணைத்து, ஆறவிட்டு, அழுத்தத்தை இறக்கி, கம்பியைக் கழற்றி அந்த ஓட்டையை அடைத்துவிட்டு, ப்ளீச் தண்ணீரை ஹீட்டருக்குள்ளும் விட வேண்டும்.

வெளிச்சம் புகும் கண்ணாடி ஹோஸ்கள் உள்ளே பச்சை பிடித்திருந்தால் எந்த மருந்தும் வேண்டாம், வெட்டி எடுத்துவிட்டு குடிநீருக்கென்றே வரும் ஒளி புகாத குழாய் போடுங்கள். டேங்க் சுவரிலேயே விரிசல் விட்டிருந்தாலும் இதே பதில்தான்: டேங்கை மாற்றிவிடுங்கள்.