வழியோரச் சிலுவை: வெட்டவெளியிலா, கூரைக்குள்ளா?

இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில், பாதையும் எல்லையும் காட்டும் வழியோரக் கல்லான சீவர்டு சிலுவை வெட்டவெளியிலேயே நிற்கிறது. ஏழடிக்கு மேல் உயரம், முரட்டுக் கருங்கல். 1240ஆம் ஆண்டு எல்லை ஆவணத்திலேயே அதன் பெயர் இருக்கிறது. ஒருமுறை உடைந்து விழுந்ததை 1848இல் இரும்புப் பட்டை வைத்து இணைத்து நிறுத்தினார்கள். ஒரு முகத்தில் பக்லாண்டு என்ற கிறித்தவத் துறவி மடத்து நிலத்தைக் குறிக்கும் எழுத்துகள், தேய்ந்துபோய்.

அயர்லாந்தின் குளோன்மக்நாய்ஸில் வேறு முடிவு. அங்கிருக்கும் வேதாகமச் சிலுவை வழியோரத்தது அல்ல, மடத்துச் சிலுவை. சுமார் 4 மீட்டர் மணற்கல், உடலெங்கும் சிற்பங்கள். மூலத்தைக் கட்டடத்துக்குள் கொண்டுபோய்விட்டு வெளியே நகலை நிறுத்தியிருக்கிறார்கள். சரியான முடிவு. மணற்கல்லை மழையும் உறைபனியும் தின்றுவிடும். முகங்கள் மழுங்கிய பின் அழுது என்ன பயன்?

டார்ட்மூர் கல்லுக்கு அந்த மருந்து வேண்டாம் என்றே நான் உறுதியாகச் சொல்வேன். பாதையும் எல்லையும் காட்ட நட்ட கல் அது. பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்தால், எதைக் காட்டிக்கொண்டு நிற்கும்? அங்கே உண்மையான தொல்லை, மாடுகள் உடம்பைத் தேய்த்து அடிமண்ணைக் கரைப்பதுதான். அடியில் கல் பாவி மண்ணை இறுக்கி, ஆண்டுக்கொரு முறை சாய்வைப் பார்த்து வந்தால் போதும்.