3.73 என்று பில், 3.55 என்று பல்: பின் அச்சுக் கியர் மாற்றுவோர் கவனத்திற்கு

என்னிடம் 1990ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்று இருக்கிறது. ஐந்து லிட்டர் வி-8 எஞ்சினும் ஐந்து கியர் மேனுவலும் கொண்டது. 225 குதிரைத்திறன் கொண்ட அந்த எஞ்சினில் கைவைக்காமலேயே வண்டியின் இழுவையைக் கூட்ட வேண்டுமானால், கம்பெனி பொருத்திய 2.73 விகிதப் பின் அச்சுக் கியரை (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு, எஞ்சினின் விசையைப் பின்னுக்குக் கடத்தும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் 2.73 சுற்றுச் சுற்றும்) எடுத்துவிட்டு 3.73 போடுவதே செலவுக்கேற்ற வழி என்பதை இந்த வண்டி வைத்திருப்பவர்கள் அறிவார்கள்.

ஓஹையோவில் நான் வசிக்கும் ஊருக்கு அருகே, பழைய அமெரிக்க வண்டிகளுக்கென்றே பலகை மாட்டியிருந்த பட்டறை ஒன்றில் அந்த வேலையைக் கொடுத்தேன். புதிய கிரவுன்-பினியன் (ஒன்றோடொன்று கோத்துச் சுழலும் பெரிய, சிறிய பல்சக்கரங்கள்), புதிய பேரிங்குகள், புதிய க்ரஷ் ஸ்லீவ் (பினியன் பேரிங்குகளுக்கு இடையே வரும் நசுங்கும் குழல்), கூலி என்று 1,150 டாலருக்குப் பில் போட்டு, அதை ரொக்கமாகவே வாங்கிக்கொண்டார்கள். ஸ்பீடோமீட்டரை ஓட்டும் சிறிய பிளாஸ்டிக் கியர் மட்டும் கையிருப்பில் இல்லை, வந்ததும் மாற்றித் தருகிறோம் என்றார் உரிமையாளர்.

அன்று மாலையே, ஐம்பது மைல் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தபோது பின் இருக்கைக்கு அடியிலிருந்து ஓர் ஊளை கிளம்பியது. மிதித்தால் அடங்கியது, விட்டால் மீண்டும் எழுந்தது. ஐந்நூறு மைல் ஓடினால் பல் பழகிவிடும் என்று தொலைபேசியில் சமாதானம் சொன்னார்கள். புதிய கியரை முதல் சில நூறு மைல்கள் மென்மையாக ஓட்ட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பல் பதிவு, அதாவது பல்லோடு பல் பொருந்தும் இடம், தவறாக அமைந்த கியரின் ஊளை ஓட ஓடக் குறைவதில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது ஸ்பீடோமீட்டரால். பழைய பிளாஸ்டிக் கியரே இருந்ததால் அது கூடுதலாகக் காட்டும் என்பது தெரிந்ததே, 3.73 போட்டிருந்தால், கைபேசியின் ஜிபிஎஸ் அறுபது மைல் என்னும்போது முள் ஏறக்குறைய 82இல் நிற்க வேண்டும். அது 78இல் நின்றது. மறுநாள் பின்சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, சக்கரத்தைப் பத்து முறை சுற்றிப் பார்த்தேன். ஷாஃப்ட் முப்பத்தேழு சுற்றுக்கு மேல் சுற்றியிருக்க வேண்டும், முப்பத்தைந்தரையோடு நின்றுவிட்டது.

வேறொரு மெக்கானிக் என் கண்முன்னே பின் அச்சின் நடுவே இந்தக் கியர் இருக்கும் டிஃபரன்ஷியலின் மூடியைத் திறந்தார். கிரவுனில் 39 பல், பினியனில் 11 பல், ஆக விகிதம் 3.55. பல்லோரங்களில் பழைய துருக்குழிகள் இருந்தன. எங்கோ உடைப்புக்கு வந்த வண்டியிலிருந்து கழற்றியது போலும். பேக்லாஷ், அதாவது இரு கியர்களின் பற்களுக்கு இடையிலான தளர்வு, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 8 முதல் 15 பங்குக்குள் இருக்க வேண்டும்; அது 22 காட்டியது. பினியன் நட்டை முறுக்கும்போது ஒருமுறை நசுங்கி, பேரிங்குக்குரிய இறுக்கத்தைத் தாங்கி நிற்கும் க்ரஷ் ஸ்லீவை மறுமுறை பயன்படுத்தவே கூடாது; இவர்களோ பழையதையே திரும்பப் போட்டிருந்ததால், பினியன் கையால் அசைத்தாலே ஆடியது.

படங்களோடு போய் நின்றபோது, சப்ளையர் பெட்டி மாற்றி அனுப்பிவிட்டார் என்று கூசாமல் சொல்லி, கியருக்கான 300 டாலரை மட்டும் திருப்பித் தந்தார்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமாவது முறையிட்டிருக்கலாம்.

இந்த வேலையைக் கொடுப்பவர்கள், கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேக்லாஷ் அளவைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மஞ்சள் பசை தடவி எடுத்த பல் பதிவின் படத்தையும் கேளுங்கள். இரண்டாவது மெக்கானிக் நான் கேட்காமலேயே இவை மூன்றையும் தந்தார். பிளாஸ்டிக் கியரையும் அவரே மாற்றிவிட்டார்.