5,000 பவுண்டு இழுக்குமாம்: எஸ்யூவியா, பிக்கப்பா?

போன வாரம் தெரிந்த தங்கை ஒருத்தி ஹூஸ்டனிலிருந்து போன் செய்தாள். வீட்டிலிருந்தே கேட்டரிங் தொடங்கி, ஆர்டர் பெருகிவிட்டது. "அக்கா, ஏழுக்குப் பதினாலு மூடின டிரெய்லர் ஒண்ணு மலிவா வருது. எங்க எஸ்யூவி 5,000 பவுண்டு இழுக்கும்னு போட்டிருக்கு. டிரெய்லரும் பாத்திரமும் சேர்ந்து நாலாயிரத்தைத் தாண்டாது. போதும்தானே?"

ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே கணக்கைத்தான் போட்டேன். டாலஸ் பக்கம் ப்ளேனோவில் கல்யாண மேடை அலங்காரம் செய்கிறேன். ஃபைபர் தூண்கள், ஊஞ்சல், திரைச்சீலை, விளக்குச் சரங்கள் என்று பாரம் குறைவாக, இடம் நிறைய அடைக்கும் சாமான்கள். இவற்றுக்காக 7க்கு 14 அடி, இரட்டை அச்சு மூடிய டிரெய்லர் வாங்கினேன். முதல் மூன்று வருஷம் அதை இழுத்தது வீட்டில் இருந்த நடுத்தர எஸ்யூவி. மூன்று வரிசை, 3.5 லிட்டர் வி6, ஆல் வீல் டிரைவ். அதன் பிறகு பழைய வண்டியாக 2018 ஃபோர்ட் எஃப்-150 பிக்கப் ஒன்றை வாங்கினோம். 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் என்கிற டர்போ எஞ்சின், நான்கு கதவு. இரண்டின் பின்னாலும் ஓடியது ஒரே டிரெய்லர், ஒரே சாமான் என்பதால் ஒப்பிட எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. நான் பிக்கப் பக்கம் சாய்ந்தவள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அன்றாட ஓட்டத்துக்கு எஸ்யூவிதான். பிள்ளைகளைப் பள்ளியில் விட, கோயிலுக்குப் போக, மாமியாரை ஏற்றி இறக்க அதற்கு ஈடு இல்லை. கராஜில் அடங்கும். எங்கள் பிக்கப் அடங்கவில்லை, வாசலில்தான் நிற்கிறது. டிரெய்லர் இல்லாமல் ஓட்டும்போது எஸ்யூவி கேலனுக்கு 24 மைல் தந்தது, பிக்கப் 20 தருகிறது. இதிலெல்லாம் சண்டையே இல்லை.

சரி, எடைக்கு வருவோம். டிரெய்லர் வெறுமனே 2,500 பவுண்டு. சாமான் 1,100. ஆக 3,600. வண்டியின் எல்லை 5,000. டிரெய்லரின் மூக்கு, அதை வண்டியோடு மாட்டும் ஹிட்ச் பந்தில் அமர்த்தும் பாரம் மொத்தத்தில் 10இலிருந்து 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பார்கள். லாரிகள் நிற்கும் இடங்களில் உள்ள கேட் ஸ்கேல் என்கிற எடை மேடையில் ஏற்றி நிறுத்தி, டிரெய்லரைக் கழற்றிவிட்டு மறுபடியும் ஏற்றி, இரண்டு சீட்டையும் கழித்துப் பார்த்தேன். 470 வந்தது. கச்சிதம். இடிக்கிற இடம் ஒன்று உண்டு. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை பவுண்டு ஏற்றலாம் என்று. எங்களுடையதில் 1,340. அந்த 470ம் இதில்தான் சேரும். ஹிட்ச் இரும்பு 30, நான், கணவர், உதவிக்கு வரும் இரண்டு பையன்கள் சேர்ந்து 640, டிரெய்லரில் போட மனசு வராத பித்தளைக் குத்துவிளக்குகள் 150. கூட்டினால் 1,290. மயிரிழையில் உள்ளே. பிக்கப்பில் இந்தக் கணக்கைப் பென்சிலால் போட வேண்டிய அவசியமே வரவில்லை.

ஆக, எடை எல்லாமே எல்லைக்குள் இருந்தது. அப்படியும் எஸ்யூவி திணறியது. ஏன் என்பதுதான் விஷயம்.

டாலஸிலிருந்து ஓக்லஹோமா சிட்டிக்கு ஐ-35 சாலையில் போனால் ஆர்ட்மோரைத் தாண்டி ஆர்பக்கிள் மலை வரும். மலை என்று பெயர்தான், நம் ஊர்க் கொல்லிமலையைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். ஒரு மார்ச் மாதம் வெள்ளிக்கிழமை, மறுநாள் முகூர்த்தம். வடக்கிலிருந்து எதிர்க்காற்று. ஏற்றத்தில் கியர் ஆறிலிருந்து நாலுக்கு இறங்கியது, மறுபடி ஐந்துக்கு ஏறியது, மறுபடி நாலு. எஞ்சின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டர் முள் 4,500க்கு மேல் நின்று, எஞ்சின் மிக்ஸி மாதிரிக் கத்திக்கொண்டே இருந்தது. வேகம் 65இல் தொடங்கி 48க்கு வந்துவிட்டது. அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு வலது ஓரம் ஊர்ந்தோம். கியர் எண்ணெயின் சூடு காட்டும் குட்டித் திரையைக் கணவர் தனியாக மாட்டியிருந்தார். அது 240 ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதும் டேவிஸ் எக்ஸிட்டில் இறங்கிவிட்டோம். அங்கே சுடச்சுடப் பொரித்த பை விற்கிறார்கள். வண்டி ஆறும்வரை ஆளுக்கு இரண்டு சாப்பிட்டோம். கல்யாண வீட்டிலிருந்து மூன்று முறை போன்.

மலையைக் குறை சொல்லித்தான் அன்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பிறகு சமதரையிலும் அதேதான் நடந்தது. எதிர்க்காற்று அடிக்கும் நாளில் நேர்சாலையிலேயே நாலாவது கியர். ஒரு முறை சாமானே இல்லாமல் காலி டிரெய்லரோடு திரும்பியபோதும் பெட்ரோல் ஏறக்குறைய அதே அளவுதான் குடித்தது. ஆயிரம் பவுண்டு இறக்கியும் மாற்றம் இல்லை என்றால், வண்டி பாரத்தோடு மல்லுக்கட்டவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். டிரெய்லரின் முகப்பு 7 அடி அகலம், உள்உயரமே ஆறரை அடி. 45 சதுர அடிக்குக் குறையாத சுவர். தரையிலிருந்து டிரெய்லர் கூரை எட்டரை அடி. எஸ்யூவியின் கூரை 5 அடி 10 அங்குலம். அதாவது காரின் தலைக்கு மேலே இரண்டரை அடிக்கும் கூடுதலாக, 7 அடி அகலத்துக்குச் சுவர் நிற்கிறது. வீட்டு வாசல்கதவைக் கழற்றி, காரின் கூரை மேல் படுக்கைவாட்டில் நிமிர்த்தி நிறுத்தி, 70 மைல் வேகத்தில் ஓட்டுவதற்குச் சமம்.

காற்றின் கணக்கு எடையின் கணக்கு மாதிரி நேர்க்கோட்டில் போகாது. எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதைச் சமாளிக்கத் தேவையான குதிரைத்திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். 55இல் காற்றுக்கு மட்டும் செலவாகும் திறன், 70க்குப் போனால் இரண்டு மடங்கைத் தொட்டுவிடும். 60இல் போகும்போது 20 மைல் எதிர்க்காற்று வந்தால், சுவரைப் பொறுத்தவரை அது 80 மைல். விசை முக்கால் பங்கு கூடிவிடுகிறது. படகோ, தாழ்வான திறந்த டிரெய்லரோ 5,000 பவுண்டே இருந்தாலும் இந்தச் சுவர் அதில் கிடையாது. அதனால்தான் "என் வண்டி 4,500 பவுண்டு படகை அலட்டிக்காம இழுக்குது" என்று ஒருவர் சொல்வதும் உண்மை, என் அனுபவமும் உண்மை. சில கம்பெனிகள் இதை மறைக்கவும் இல்லை. ஃபோர்ட், ஜீப் போன்றவை எடையோடு சேர்த்து டிரெய்லர் முகப்பின் பரப்புக்கும் சதுர அடியில் எல்லை எழுதி வைக்கின்றன. கையேட்டில் அந்தப் பக்கத்தை யார் புரட்டுகிறார்கள்? நான் புரட்டவில்லை. டிரெய்லர் விற்றவரும் எடையை மட்டும்தான் கேட்டார்.

இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். பிக்கப் வந்ததால் சுவர் சிறுத்துவிடவில்லை. அதன் கூரை எஸ்யூவியைவிட அரையடிதான் உயரம். காற்று அதையும் அதே அறை அறைகிறது. இழுக்கும்போது எஸ்யூவி கேலனுக்கு ஒன்பதரை மைல் தந்தது என்றால் பிக்கப் பத்தரைதான் தருகிறது. பெட்ரோல் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாறியது எஞ்சின் அதைத் தாங்கும் விதம். எங்கள் வி6 262 பவுண்டு-அடி முறுக்குவிசையை, அதுவும் 4,500 சுற்றுக்கு மேலே போன பிறகு தருகிற டர்போ இல்லாத எஞ்சின். ஈகோபூஸ்டின் விசை 470, பெரும்பகுதி கீழ்ச் சுற்றிலேயே கிடைத்துவிடும். அதே ஆர்பக்கிள் ஏற்றத்தில் இப்போது 65இல், மூவாயிரம் சுற்றைத் தொடாமல் ஏறுகிறது. பின் சீட்டில் பையன்கள் தூங்குகிறார்கள். கியர் எண்ணெய்ச் சூடு 210ஐத் தாண்டி நான் பார்த்ததில்லை.

டாங்கியும் ஒரு காரணம். எஸ்யூவியில் 19 கேலன், அதை ஒன்பதரையால் பெருக்கினால் 180 மைல். ப்ளேனோவில் நிரப்பிக்கொண்டு கிளம்பினாலும் ஓக்லஹோமா சிட்டியைத் தொட முடியாது. டிரெய்லரோடு பெட்ரோல் பங்குக்குள் நுழைந்து வெளியே வருவது எவ்வளவு பெரிய தலைவலி என்பது ஒரு முறை மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். பிக்கப்பில் 36 கேலன் டாங்கி. திரும்பும் வழியில் பாதி தூரம் வந்த பிறகுதான் பங்கைத் தேடுகிறோம்.

காற்று எதிரிலிருந்து மட்டும் வருவதில்லை. பதினெட்டுச் சக்கர லாரி பக்கத்தில் தாண்டும்போது 14 அடி நீளப் பக்கச்சுவரை முதலில் தள்ளும், பிறகு உறிஞ்சும். எஸ்யூவியில் அந்த நேரம் டிரெய்லர் வாலாட்டும். கூடவே காரின் பின்பக்கமும் அசையும். கனமான சாமானை அச்சுக்கு முன்னால் வைத்துப் பார்த்தோம், ஆட்டம் குறைந்தது, நிற்கவில்லை. பாரத்தை முன்சக்கரத்துக்குப் பகிரும் ஹிட்சைப் பலர் பரிந்துரைத்தார்கள், எங்கள் கையேடு அதை வேண்டாம் என்றது, நாங்கள் போடவில்லை. பிக்கப்பில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 145 அங்குலம், எஸ்யூவியில் 111. லாரி தாண்டும்போது இப்போதும் ஒரு தள்ளு தெரிகிறது, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க வைப்பதில்லை.

பிரேக் பற்றி ஒரு வரி. இந்த டிரெய்லரின் மொத்தத் தகுதி, அதாவது சாமானோடு சேர்த்து போகக்கூடிய உச்ச எடை, 7,000 பவுண்டு. டெக்சஸில் 4,500ஐத் தாண்டினாலே டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். எஸ்யூவியில் அந்த பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலரை முழங்கால் இடிக்கும் இடத்தில் தனியாக மாட்டினோம், பிக்கப்பில் கம்பெனியே வைத்திருந்தது.

பணம் என்று பார்த்தால் பிக்கப் அடி வாங்குகிறது. இன்னொரு வண்டி, இன்னொரு இன்சூரன்ஸ். மாதம் மூன்று நான்கு மேடை இருப்பதால் எனக்குக் கட்டுகிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை இழுப்பவர் வாங்கினால் நஷ்டம்தான், அவர்கள் வாடகை லாரி எடுப்பதே மேல். ராக்கி மலை மாதிரி நிஜமான மலையில் நான் இரண்டு வண்டியையுமே இழுக்க வைத்ததில்லை, அங்கே என் பேச்சு செல்லாது. எங்கள் டிரெய்லருக்கு வி வடிவ மூக்கு, கடைக்காரர் அதைத்தான் பெரிதாகப் பேசினார். தட்டை மூக்கோடு ஒப்பிட்டு ஓட்டியதில்லை என்றாலும், கூரைக்கு மேலே நிற்கும் சுவருக்கு அது பெரிதாக எதுவும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

எஸ்யூவியே போதும் என்கிற வழியும் ஒன்று இருக்கிறது. டிரெய்லரைச் சிறிதாக்குவது, முக்கியமாக உயரத்தைக் குறைப்பது. யு-ஹால் கம்பெனி வாடகைக்குத் தரும் 6க்கு 12 அடி மூடிய டிரெய்லரைப் பாருங்கள், காலியாகவே 1,920 பவுண்டு, சாமானோடு 4,400 வரை போகலாம். கனத்தில் என்னுடையதற்குக் குறைந்ததில்லை. உள்உயரம் ஐந்தரை அடிதான், குனிந்துதான் நிற்க வேண்டும், அதனால் முகப்புச் சுவரும் தாழ்வு. வேகம் 55ஐத் தாண்டாதே என்று அதன் மேலேயே எழுதியும் வைத்திருக்கிறார்கள். எஸ்யூவி நாட்களில் ஒரு முறை அதை எடுத்து ஆஸ்டின் போய் வந்தோம், 55இலேயே. வண்டி முணுமுணுக்கக்கூட இல்லை. என் தூண்கள் ஆறடி, அதில் நிற்காது. இல்லாவிட்டால் பிக்கப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

இதையெல்லாம் தங்கையிடம் போனில் சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்டேன். "அந்த டிரெய்லர உன் வண்டிக்குப் பின்னாடி நிறுத்தச் சொல்லு. நீ முன்னாடி இருபது அடி தள்ளி நின்னு, உன் கண் மட்டத்துல ஒரு போட்டோ எடுத்து அனுப்பு." சாயங்காலம் படம் வந்தது. கார் கூரைக்கு மேல் வெள்ளைத் தகரம், அதற்கு மேல் கொஞ்சம் வானம். கீழே அவளே எழுதியிருந்தாள்: "அக்கா, அண்டா எதுவும் மூணு அடிக்கு மேல இல்ல. குட்டை டிரெய்லரா பாக்குறேன்."