காலர் மைக்கா, பூம் மைக்கா? தோட்டத்தில் வீடியோ எடுப்பவர்களுக்கு ஓர் அலசல்

இலங்கை மலையகத்தில் இப்போது போன் வைத்திருக்கிற பாதிப் பேர் வீடியோ எடுக்கிறார்கள், படமும் நன்றாகத்தான் வருகிறது, ஹப்புத்தளைப் பக்கம் மூடுபனி ஏறும் நேரத்தில் எந்தப் போனைத் தூக்கிப் பிடித்தாலும் அழகாகத்தான் இருக்கும். பேச்சுதான் கேட்பதில்லை. பாட்டன் பூட்டன் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்த கதையை அம்மாயி லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பார், பார்க்கிறவனுக்குக் கேட்பதெல்லாம் காற்றும், தகரத்தில் விழுகிற மழையும், பக்கத்துக் காம்பராவில் ஓடுகிற டிவியும்தான். அதனால் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் அடுத்த லென்ஸைப் பற்றி யோசிக்காமல் மைக் வாங்குங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்வேன். உடனே அடுத்த கேள்வி வரும்: சட்டையில் குத்துகிற காலர் மைக்கா, கம்பில் கட்டிப் பிடிக்கிற பூம் மைக்கா?

பூம் பிடித்தால்தான் சினிமாக்காரன், காலர் மைக் யூடியூப்காரனுக்கு என்று ஒரு நினைப்பு நம் பையன்களிடம் இருக்கிறது. அதில் அர்த்தமே இல்லை. இரண்டும் ஒரே பிரச்சினையைத்தான் தீர்க்கப் பார்க்கின்றன, பேசுகிற வாய்க்கும் மைக்குக்கும் இடையிலுள்ள தூரத்தை. வெட்டவெளியில் அந்தத் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் குரல் 6 டெசிபல் இறங்கும். வாயிலிருந்து அரை மீட்டரில் இருக்கிற மைக்கை இரண்டு மீட்டர் தள்ளிக் கெமரா பக்கத்தில் வைத்தால் 12 டெசிபல் போய்விட்டது, ஆனால் சுற்றிலும் இருக்கிற இரைச்சல் ஒரு துளியும் குறையவில்லை. பூம் மைக்குக்கென்று செய்த நீள மைக்கை வாங்கிக் கெமரா தலையிலேயே மாட்டி வைத்துக்கொண்டு 'மைக் போட்டுத்தான் எடுத்தோம்' என்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். கம்பில்லாத பூமுக்குக் கொடுத்த காசு பாதி வீண்.

சரி, முதலில் லயத்துக்கு உள்ளே. 10 அடிக்கு 12 அடி என்று சொல்கிற அந்தப் பழைய காம்பராவில் சிமெந்துத் தரை, சிமெந்துச் சுவர், மேலே தகரம், சத்தத்தை உறிஞ்ச ஒன்றுமே கிடையாது. இங்கே நீள மைக் தோற்றுப் போகும். அதன் குழாயின் இரு பக்கமும் வரிசையாகப் பிளவுகள் இருக்கும், பக்கவாட்டில் வருகிற சத்தம் அந்தப் பிளவுகள் வழியாக வேறுவேறு நேரத்தில் உள்ளே போய் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், முன்னால் இருந்து வருவது மட்டும் முழுசாக நிற்கும். கீச்சென்ற மேல்சுருதிச் சத்தங்களுக்கு இந்த வித்தை நன்றாக வேலை செய்கிறது, அடித்தொண்டைச் சத்தங்களுக்கு ஏறக்குறைய எடுபடாது. சின்ன அறையில் பேச்சு சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பி எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் குரல் டின்னுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும். கூரையும் தாழ்வு, கம்பைத் தூக்கினால் மைக் தகரத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும், மழை வந்தால் நாமே போய் மழையைப் பதிவு செய்கிற கதைதான். உள்ளே என்றால் காலர் மைக், யோசிக்கவே வேண்டாம். தாடைக்குக் கீழே ஒரு சாண் தள்ளிக் குத்துங்கள், டிவியை அணைக்கச் சொல்லுங்கள், கெமராவில் தெரியாத பக்கத்துச் சுவரில் இரண்டு கம்பளியைத் தொங்கவிடுங்கள். மலையகத்தில் கம்பளி இல்லாத வீடு ஏது? பெருமழை கொட்டினால் எந்த மைக்காலும் ஒன்றும் ஆகாது, தேத்தண்ணி குடித்துவிட்டுக் காத்திருங்கள்.

தேயிலைக் கொழுந்து எடுக்கிற மலைக்கு ஏறியதும் கணக்கு தலைகீழாகிறது, நிறையப் பேர் சறுக்குவதும் இங்கேதான். திறந்த வெளி, ஆள் தூரத்தில், அதனால் வயர்லெஸ் காலர் மைக்தான் சரி என்று நினைப்பார்கள். ஆனால் கொழுந்து எடுக்கிற ஒரு அக்காவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். இடுப்பைச் சுற்றிப் படங்கு என்கிற முரட்டு விரிப்பு, முதுகில் கூடை, கூடைக் கயிறு தலையில், கயிறு உறுத்தாமல் இருக்க ஒரு துணி, இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும். எங்கே குத்தினாலும் துணி உரசும், படங்கு சரசரக்கும், அந்த உரசலை எடிட்டிங்கில் முழுசாக எடுப்பது கஷ்டம், ஏனென்றால் அது குரலோடு கலந்தே பதிவாகியிருக்கும். இன்னொன்று, வயரை உடைக்குள் விடச் சொல்லி ஒரு பெண்ணிடம் கேட்பது சின்ன விஷயம் இல்லை, குழுவில் பெண் ஒருவர் இல்லாவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். அதைவிட முக்கியம், அவருக்கு அன்றைக்குக் கிலோக் கணக்கு இருக்கிறது. நாம் மைக் மாட்டி, கழற்றி, திரும்ப மாட்டி நேரத்தைத் தின்றால் நமக்கு ஒரு ஷாட், அவருக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான்.

பூம் யாரையும் தொடாது. பிடிக்கிறவர் மேல் வரிசையில் நின்றுகொண்டு கம்பை நீட்டி, மைக்கை ஃப்ரேமுக்குச் சற்று மேலே வைத்து, மூக்கு கீழே பார்க்கும்படி பிடித்தால் போதும். பேசுகிறவருக்குப் பின்னால் செடியும் மண்ணும்தான் இருக்கும், பள்ளத்தில் போகிற பஸ்ஸும் கோயில் ஸ்பீக்கரும் மைக்கின் மூக்குக்கு நேரே வராமல் பக்கவாட்டில் போய்விடும். சரிவு நமக்குச் செய்கிற உதவி இது, சமதரையில் இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. பேச்சோடு கொழுந்து ஒடிகிற சத்தமும் சேர்ந்து வரும், அதற்காகவே பூமை எடுத்துப் போகலாம். காற்றுக்கு மட்டும் மைக்கோடு வருகிற ஸ்பாஞ்சை நம்பாதீர்கள், அது வீட்டுக்குள் மின்விசிறிக்குத்தான் சரி. நீள முடி வைத்த உறை வேண்டும், கூடவே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அடிச்சத்தத்தை வெட்டுகிற 'லோ கட்' வசதியைப் போட்டுவிடுங்கள். டெவன், செயின்ட் கிளேயர் போன்ற நீர்வீழ்ச்சிப் பக்கம் என்றால் ஆளைத் திருப்பி நிறுத்தி, அருவி மைக்குக்கு நேர் முன்னால் வராமல் பாருங்கள். அருவிக்கு முதுகு காட்டி நிற்க வைத்து, கெமரா உயரத்திலிருந்தே மைக்கையும் நீட்டினால் அருவியைத்தான் பேட்டி எடுப்பீர்கள்.

பூமின் ஒரே பெரிய குறை, அதற்கு ஒரு ஆள் வேண்டும். சும்மா பிடிக்கிற ஆள் இல்லை, பேசுகிறவர் திரும்பினால் கூடவே திருப்புகிற, கை வலித்தாலும் கம்பைத் தாழ்த்தாத ஆள். தனியாகத் திரிகிறவருக்கு அது நடக்காது, அவர் காலர் மைக்கோடு மலையில் நின்று பேச வைத்து எடுத்துவிட்டு, வேலை செய்கிற காட்சியைப் பேச்சில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், என்றால் காலர்தான். ரோலரும் விசிறிகளும் நான்கு பக்கமும் இரைகிற இடத்தில் வாய்க்கு யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர்தான் ஜெயிப்பார்.

எதை முதலில் வாங்குவது என்றால் என் பதில் வயர் வைத்த சாதாரணக் காலர் மைக். அதைப் பேசுகிறவரின் பையில் வைத்த இரண்டாவது போனில் செருகி, ஃப்ளைட் மோடில் போட்டு, தனியாகப் பதிவு செய்யுங்கள், நடுவில் அழைப்பு வந்து கெடுக்காது. செருகியை மட்டும் பார்த்து வாங்குங்கள்: போனின் 3.5 மில்லிமீட்டர் துளைக்கு மூன்று கறுப்புக் கோடு உள்ளது வேண்டும், கெமராவுக்கென்று வருவதில் இரண்டுதான் இருக்கும், அது போனில் எடுக்காது. படத்தையும் குரலையும் பிறகு பொருத்துவதற்கு, ஆரம்பத்தில் கெமரா முன்னால் ஒரு கைதட்டு, முடிவில் இன்னொன்று, ஏனென்றால் நீளமான பேட்டியில் இரண்டு கருவிகளின் நேரமும் மெல்ல மெல்ல விலகிப் போகும். கெமராவின் சொந்த மைக்கை அணைத்துவிடாதீர்கள், ஒத்துப் பார்க்க அது வேண்டும். வயர்லெஸ் வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், மலிவான செட்டுகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன, மனித உடம்பில் உள்ள தண்ணீரே அந்த அலையைக் குடித்துவிடும், பேசுகிறவர் முதுகு காட்டினால் சத்தம் வெட்டுப்படும்.

ரதி மன்மதன் கதையை ஆடுகிற காமன் கூத்துக்கு இரண்டுமே முழுசாகப் போதாது. ரதி மன்மதன் வேஷத்தில் காலரைக் குத்த இடமில்லை, ஆட்டத்தில் அது அரை மணி நேரம் தாங்காது. பூமைப் பாட்டுக்காரர் பக்கம் பிடியுங்கள், தப்பு மேளம் அடிக்கிறவர்களிடமிருந்து தள்ளி ஒரு சின்ன ரெக்கார்டரைத் தனியாக வையுங்கள். 24 பிட் தரத்தில், ரெக்கார்டரின் மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் லெவல் வையுங்கள், ஒருமுறை வெடித்த சத்தத்தைத் திருப்பி எடுக்க முடியாது. அதையும் நெருப்பில் தப்பைக் காய்ச்சி முடித்த பிறகு வையுங்கள், காய்ச்சுவதற்கு முன்னால் வைத்த லெவல் முதல் அடியிலேயே சிவப்புக்குப் போய்விடும்.