வேகாஸில் ஓசி ரூம், ஓசி சாப்பாடு: ஒன்பது வருஷ அனுபவம்

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் குடியிருப்பதால் வருஷத்துக்கு நாலைந்து தடவை காரை எடுத்துக்கொண்டு லாஸ் வேகாஸ் போய்விடுவேன். ஒன்பது வருஷமாக இப்படித்தான், அதில் பாதிக்கு மேல் ரூம் வாடகை கொடுத்ததே இல்லை. எப்படிக் கிடைக்கிறது என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

சூதாட்டத்தில் நிறையத் தோற்றால்தான் காசினோக்காரர்கள் ஓசியில் ரூம் தருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கே வேறு. சராசரியாக எவ்வளவு பந்தயம் வைக்கிறீர்கள், மணிக்கு எத்தனை ஆட்டம், எத்தனை மணி நேரம், அந்த ஆட்டத்தில் காசினோவுக்கு எத்தனை சதவீதம் சாதகம், இந்த நாலையும் பெருக்கி வருவதைத்தான், அதாவது உங்களிடமிருந்து காசினோ கணக்குப்படி எதிர்பார்க்கும் வரும்படியைத்தான், 'தியோ' என்கிறார்கள். 25 டாலர் வைத்து மணிக்கு 70 கை (ஆட்டம்) வீதம் நாலு மணி நேரம் பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டம் ஆடினால் மொத்தப் பந்தயம் 7,000 டாலர். காசினோவின் சாதகம் 2 சதவீதம் என்று போட்டால் தியோ 140 டாலர். அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ரூமாகவோ சாப்பாடாகவோ திரும்பி வரும். அன்றைக்கு நீங்கள் 500 டாலர் ஜெயித்து எழுந்திருந்தாலும் தியோ அதேதான்.

ஸ்லாட் மெஷினில் ஆடுகிறவர்களுக்கு ரூம் சீக்கிரம் வருவதும் இதனால்தான். ஸ்ட்ரிப்பில் (பெரிய காசினோக்கள் வரிசையாக இருக்கும் சாலை) உள்ள பென்னி ஸ்லாட்டுகள், அதாவது சென்ட் கணக்கில் ஆடும் மெஷின்கள், போட்ட பணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் பிடித்துக்கொள்கின்றன, அதே 7,000 டாலரை அங்கே ஓட்டினால் தியோ 700. ரூம் வரும்தான், ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள்.

மேசையில் உட்கார்ந்ததும் சிப்ஸ் (பணத்துக்குப் பதில் பந்தயம் வைக்கும் வில்லைகள்) வாங்கும் பணத்தோடு, உங்கள் ஆட்டத்தைப் பதிவு செய்ய காசினோ தரும் உறுப்பினர் கார்டையும் வைத்துவிடுங்கள். சூப்பர்வைசர் அதை வாங்கிக் கணினியில் ஏற்றிவிட்டு, முதல் சில கைகளுக்கு உங்கள் முன்னால் இருக்கும் சிப்ஸை ஓரக்கண்ணால் எண்ணிக்கொண்டு போவார், பெரும்பாலும் அதுதான் பதிவாகும். ஒரு ஹோட்டலில் மூன்று மணி நேரம் 50 டாலர் வைத்து ஆடினேன், அப்புறம் கேட்டால் சராசரி 15 என்று இருந்தது. திருத்தித் தர மாட்டேன் என்றுவிட்டார்கள். அன்றிலிருந்து எழுந்திருக்கும் முன்பே, "என்னை எவ்வளவு என்று போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிடுகிறேன். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இன்னொன்று எனக்குப் புரியவே மூன்று வருஷம் ஆனது. பல இடங்களில் தியோவை நாள் கணக்கில் சராசரி எடுக்கிறார்கள். வந்து இறங்கிய ராத்திரி சும்மா பத்து நிமிஷம் கார்டைச் செருகி ஆடினால்கூட அது ஒரு நாளாகிவிடும், சராசரி இறங்கிவிடும், அடுத்த தடவை மெயிலில் வரும் சலுகையும் சின்னதாகிவிடும். அதனால் ஆடுகிற நாளில் ஒழுங்காக உட்கார்ந்து ஆடுகிறேன், மற்ற நாட்களில் கார்டு பர்ஸை விட்டு வெளியே வராது.

இலவச ரூம் என்று வந்தாலும் ரிசார்ட் ஃபீ (வாடகைக்கு மேல் ஹோட்டல் தினமும் போடும் தனிக் கட்டணம்) தள்ளுபடி உண்டா என்று புக் பண்ணும்போதே கேளுங்கள், ஸ்ட்ரிப்பில் ராத்திரிக்கு 50 டாலரை ஒட்டி வரும். ஞாயிறு முதல் வியாழன் வரை சுலபமாகக் கிடைக்கும். வெள்ளி, சனி கஷ்டம்.

ஆட ஆட கார்டில் பாயிண்ட் சேரும்; அடுத்த படி உறுப்பினராவதற்கு இன்னும் கொஞ்சம் பாயிண்ட் வேண்டும் என்று ஒரு டிசம்பரில் கூடுதலாக ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து 600 டாலர் விட்டேன். அந்தக் காசுக்கு நல்ல ஹோட்டலிலேயே வாரநாளில் நாலு ராத்திரி தங்கியிருக்கலாம். தயவுசெய்து ரூமுக்காகப் பந்தயத்தை ஏற்றாதீர்கள். எப்படியும் ஆடப்போகிற ஆட்டத்துக்குக் கிடைப்பதை மட்டும் கேட்டு வாங்குங்கள், முதல் ரெண்டு சீட்டிலேயே 21 வந்தால் (அந்தக் கைக்கும் பிளாக்ஜாக் என்றுதான் பெயர்) 5 டாலருக்கு 6 கொடுக்கும் 6:5 மேசையை விட்டுவிட்டு, 2 டாலருக்கு 3 கொடுக்கும் 3:2 மேசையாகத் தேடி உட்காருங்கள்.

சாப்பாட்டை எப்போதும் ரூம் கணக்கிலேயே எழுதச் சொல்வேன். கிளம்பும் காலையில் ஹோஸ்டிடம் (ஆடுகிறவர்களைக் கவனித்துக்கொள்ளும் காசினோ ஊழியர்), "இதில் எதையாவது எடுத்துவிட முடியுமா?" என்று கேட்பேன். போன தடவை 112 டாலர் பில்லில் 90 டாலரை எடுத்துவிட்டார், காலை டிபனுக்கு மட்டும் கையிலிருந்து கொடுத்தேன்.