14,500 ரூபாய்ப் பெட்டியும் என் மோரா கத்தியும்

திருகோணமலை டவுனில் கத்தி தீட்டுவதற்கு ‘டயமன் செட்’ என்று ஒன்று விற்கிறார்கள். கறுப்புப் பெட்டி, உள்ளே பஞ்சு மெத்தை, வைரத்தூள் ஒட்டியது என்று சொல்கிற ஐந்து கல், கத்தியைப் பிடிக்க ஒரு கவ்வி, கல்லைக் கோத்து இழுக்க ஒரு கம்பி. பார்க்க வடிவாகத்தான் இருக்கும். வாங்க நினைத்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள். கடையின் பெயர் போடப்போவதில்லை. அதே பெட்டியை வேறு இரண்டு கடையிலும் கண்டேன், ஆகவே பெயர் தெரிந்தும் பயனில்லை.

என்னிடம் மூன்று கத்தி. மீன் தசை எடுக்கிற, வளைந்து கொடுக்கும் ஏழு அங்குலக் கத்தி ஒன்று. நோர்வேயில் இருக்கும் மச்சான் வந்தபோது தந்த சுவீடன் மோரா ஒன்று. சட்டைப் பையில் கிடக்கிற மடக்குக் கத்தி ஒன்று. வாடை ஓய்ந்து கடல் படுத்தால் சனி ஞாயிறில் தூண்டிலோடு வெளிக்கிடுகிற ஆள் நான். ஒரு பாரை, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு அறுக்குளா. கரையில் வைத்தே வெட்டித் துப்புரவாக்கி எடுத்துக்கொண்டு வருவது பழக்கம். உப்புத் தண்ணீரிலும் செதிலிலும் கத்தி எவ்வளவு கெதியில் மழுங்கும் என்று மீன் வெட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

அப்பா இருந்த காலத்தில் இதெல்லாம் பிரச்சினையே இல்லை. கிணற்றடிக் கல்லில் நாலு தரம் இழுப்பார், பிறகு தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்து அதன் அடியில் மினுக்கம் பூசாத வளையத்தில் இரண்டு தரம். முடிந்தது. சிரிக்காதீர்கள், அந்த வளையம் சுட்ட களிமண், நல்ல நுண்கல் செய்கிற வேலையை அது செய்யும். கத்தியைக் கல்லில் ஒரே சாய்வில் பிடித்து இழுக்கிற அந்தக் கை எனக்கு வரவில்லை. அதனால்தான் ‘கோணம் தானாக நிற்கும்’ என்ற பேச்சில் விழுந்தேன்.

பங்குனியில் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி மேசையில் இருந்த ஒரு கத்தியை எடுத்துக் கடதாசியை நாடா நாடாகச் சீவிக் காட்டினார்.

“கோணத்தை வைச்சிட்டா கண்ணை மூடிக்கொண்டு இழுக்கலாம் அண்ணை. எல்லாக் கத்திக்கும் ஒண்டுதான்.”

“மோராவுக்கும் சரிவருமோ?”

“மோராவோ கோராவோ, இருபதில வையுங்கோ.”

நானும் சிரித்தேன். அந்த இடத்தில் எழும்பி வெளியே வந்திருக்க வேண்டும். என் மடக்குக் கத்தியை எடுத்து, “இதில ஒருக்கா இழுத்துக் காட்டுங்கோ” என்று கேட்டதற்கு, “பெட்டி பிரிச்சா பிறகு விக்கேலாது” என்றார். அவர் கடதாசி சீவிய கத்தி அந்தக் கல்லைக் கண்டதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? 14,500 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். பில்லுக்குப் பதிலாக ஒரு துண்டில் தொகையை எழுதித் தந்தார். அதையும் வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

முதல் பலி மோரா. மோராவின் வாய், அதாவது வெட்டுகிற ஓரம், மற்றக் கத்திகள் மாதிரி இல்லை. அலகின் பாதிக்குக் கீழே அகலமான ஒரே சரிவு, நேராக வாய் வரைக்கும் இறங்கும். அந்தச் சரிவை அப்படியே கல்லில் படுக்க வைத்தால் கோணம் தன்பாட்டில் அமைந்துவிடும். கவ்வியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். அந்தச் சரிவு பக்கத்துக்கு இருபது பாகையை விட நல்ல தாழ்வு. நான் இருபதில் வைத்து 120 ஆம் இலக்கக் கல்லால் (இலக்கம் குறையக் குறைய மணல் பருமன்) இழுத்ததில் வாய் ஓரத்தில் குட்டையாக இன்னொரு சரிவு விழுந்துவிட்டது. மரம் சீவும்போது பூப்போல் சுருண்டு வந்த கத்தி, இப்போது வழுக்கிக்கொண்டு போனது.

சரி, மீன் கத்தியாவது என்று அதைப் பூட்டினேன். மெல்லிய அலகு கல்லின் அழுத்தத்துக்கு வளைகிறது, வளைய வளையக் கோணமும் மாறுகிறது. நீளமான கத்தியில் இன்னொரு கோளாறும் உண்டு. கம்பி சுழலும் இடம் ஒன்றுதான். கவ்விக்கு நேரே இருக்கும் வாய்க்குக் கிடைக்கிற கோணம், தூரத்தில் இருக்கும் முனைக்குக் கிடைக்காது, அங்கே குறைந்துவிடும். வாய் வளைந்திருந்தால், கவ்வியை இடம் பார்த்துப் பூட்டி ஓரளவு சமாளிக்கலாம். இது எல்லாக் கவ்விச் செட்டுக்கும் பொது, நல்ல கொம்பனி செய்தாலும் அப்படித்தான். விற்கிறவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் என் செட்டில் அதற்கு மேலும் இருந்தது. 20 என்று கோடு போட்ட துளையில் கம்பியை வைத்துப் போனில் சாய்வு அளக்கிற செயலியால் பார்த்தேன்: 26. பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடி எடுத்துக் கற்களைப் பார்த்தேன். 600 என்று எழுதியதும் 1500 என்று எழுதியதும் ஒரே மணல். மூன்றாம் நாள் 320 இல் வைரம் என்று சொன்னது உமி மாதிரி உதிர்ந்து, தட்டின் வெறும் இரும்பு தெரிந்தது. கூட வந்த குட்டிப் போத்தல் எண்ணெய், மணத்தைப் பார்த்தால் தையல் மெசின் எண்ணெய். அது மட்டும் பரவாயில்லை, கல்லுக்குப் பாவிக்கலாம்.

பெட்டியோடு திரும்பப் போனேன். “நீங்க அமத்தித் தேய்ச்சிருப்பீங்கள்” என்றார். நான் கதைத்துக்கொண்டு நிற்கவே, “குடுங்கோ, சும்மா செய்து தாறன்” என்று மீன் கத்தியை வாங்கிக்கொண்டு பின்னுக்குப் போனார். கிரைண்டர் சத்தம் கேட்டது. நான் ஓடிப் போவதற்குள் முடிந்துவிட்டது. முனையில் ஒரு அங்குலத்துக்கு நீல நிறம்.

நீலம் அழகுக்கு வருவதில்லை. காபன் இரும்பில் அந்த நிறம் ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ் சூட்டில் வரும், கறள் பிடிக்காத இரும்பில் அதைவிடக் கூடிய சூட்டில். அந்தச் சூட்டில் பதம், அதாவது இரும்பின் கடினம், போன இடம் எத்தனை தரம் தீட்டினாலும் இரண்டு மீனுக்கு மேல் கூர் நிற்காது. நீலம் கண்ட இடத்தைத் தேய்த்து முழுதாக எடுத்துத் தள்ளுவது ஒன்றுதான் வழி. இப்போது என் ஏழு அங்குலக் கத்தி ஆறு அங்குலக் கத்தி. தண்ணீர் இல்லாமல் ஓடுகிற கிரைண்டரிடம் உங்கள் கத்தியைக் கொடுக்காதீர்கள், சும்மா செய்து தந்தாலும்.

காசு திரும்பக் கிடைக்கவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். தொலைபேசி 1977. கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும் என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. நான்தான் கேட்கவில்லை. கையில் கடையின் பெயர்கூட இல்லாத ஒரு துண்டு.

இனி வாங்குகிறவர்கள் முதலில் உங்கள் கத்தியைப் பாருங்கள், பெட்டியைப் பிறகு பார்க்கலாம். மோரா மாதிரிக் கத்திக்குத் தட்டையான கல் போதும். மீன் கத்திக்கு, சாய்வாக நிற்கும் இரண்டு பீங்கான் குச்சியில் கத்தியை நேராகப் பிடித்து இறக்குகிற வகை தோது. ஸ்பைடர்கோ கொம்பனியின் அந்த வகையில் கத்திக்குப் பக்கத்துக்கு 15, 20 என்று இரண்டு கோணம், மெல்லிய அலகுக்கு 15. மடக்குக் கத்திக்கும் தடித்த காட்டுக் கத்திக்கும் கவ்விச் செட் நல்லதுதான். லான்ஸ்கி கொம்பனியின் செட்டில் 17, 20, 25, 30 என்று துளை இருக்கும், காட்டுக் கத்தியை 25 இல் வையுங்கள். வைரத்தட்டு என்றால் மணலின் பருமனை மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று) கணக்கில் கேளுங்கள். டிஎம்டி கொம்பனித் தட்டில் நீலம் 45, சிவப்பு 25, பச்சை 9 மைக்ரோன். வெறும் இலக்கம் மட்டும் அச்சடித்திருந்தால் எனக்கு நம்பிக்கை இல்லை. இழுத்து எடுக்கிற வி வடிவச் சாமான் பக்கமே போகாதீர்கள், அது தீட்டாது, சுரண்டும்.

மோராவைக் கடைசியில் எப்படித் திருத்தினேன் தெரியுமா? ஒரு துண்டுக் கண்ணாடி, தண்ணீர் விட்டுத் தேய்க்கிற சாண்ட் பேப்பர் 400, 800, 1500, பழைய தோல் பெல்ட். எல்லாமாக ஆயிரம் ரூபாய்கூட இல்லை. சரிவு முழுக்கக் கறுப்பு மார்க்கரால் பூசி, மை எங்கே அழிகிறது என்று பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். வாய் வரைக்கும் மை அழிந்து, மறுபக்கம் பிசிறு கையில் தட்டுப்பட இரண்டு பின்னேரம் எடுத்தது. இப்போது கடதாசி சீவும்.

அந்தப் பஞ்சு மெத்தைப் பெட்டி நல்ல பெட்டி. தூண்டில் முள்ளும் ஈயக்குண்டும் போட்டு வைத்திருக்கிறேன்.