பல்கனி ஹைட்ரோபோனிக்ஸ்: செடிக்கு வருத்தம் வந்தால் முதலில் எங்கே பார்ப்பது

கொழும்பு வெள்ளவத்தையில் நாலாம் மாடி பல்கனியில், மண் இல்லாமல் தண்ணீரில் செடி வளர்க்கத் தொடங்கியது 2021 கடைசியில். இன்றைக்கும் அதே ரிஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிகளைத்தான் பாவிக்கிறேன். சலாது (லெட்டூஸ்), கங்குன் கீரை, வல்லாரை, கறிமிளகாய், முன்பு இடையிடையே தக்காளியும். உரத்துக்கு, தண்ணீரில் கரைக்கும் அல்பர்ட் கலவை. மீன் தொட்டிக்குப் போடும் ஏர் பம்ப், தண்ணீரின் அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் பேனா, அதில் கரைந்திருக்கும் உரமும் உப்பும் எவ்வளவு என்று காட்டும் ஈசி பேனா, ஒரு தெர்மாமீட்டர். சாமான் இவ்வளவுதான். எப்படி வளர்ப்பது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். செடி வாடத் தொடங்கினால் என்ன செய்வது என்று கேட்டால்தான் பதில் குறைவு. அதனால் இந்தப் பகிர்வு முழுக்க அதைப் பற்றியே.

பெரும்பாலானோர் செய்வது இதுதான்: இலை மஞ்சளாகிறது, உடனே இலையைப் படம் எடுத்து, ஏதாவது ஒரு அட்டவணையோடு ஒப்பிட்டு, ‘இது மக்னீசியம் குறைவு’ என்று முடிவு கட்டி இன்னொரு உரத்தைக் கொட்டுவது. கொழும்பில் நான் பார்த்த அளவில் உரம் குறைந்து வருத்தப்பட்ட செடி மிகக் குறைவு. தண்ணீர் சூடாகி, வேர் மூச்சு முட்டி, அதனால் உரத்தை உறிஞ்ச முடியாமல் போன செடிதான் அதிகம். அப்படிப்பட்ட செடிக்கு மேலும் உரம் போட்டால் அதன் கதை இன்னும் வேகமாக முடியும்.

ஆகவே என் ஒழுங்கு: முதலில் தண்ணீரின் வெப்பநிலை, பிறகு வேர், பிறகு பிஎச், பிறகு ஈசி, எல்லாவற்றுக்கும் கடைசியில் இலை.

வெப்பநிலையை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், 20 பாகை செல்சியசில் ஒரு லீட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 30 பாகையில் அது 7.5 அளவுக்கு இறங்கிவிடும். அதே நேரம் சூட்டில் வேரின் மூச்சு வேகமாகி, கூடுதல் ஒட்சிசன் கேட்கும். வரவு குறைய, செலவு கூடுகிறது. பித்தியம் என்ற வேரழுகல் கிருமிக்கு இது நல்ல வாய்ப்பு. வெள்ளவத்தையில் கடல் பக்கம் பார்த்த பல்கனி என்றால் மேற்கு வெயில் பின்னேரம் நேரே பெட்டியில் விழும். சீமெந்துத் தரையும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

ஒரு கறிமிளகாய்ச் செடியின் கதையைச் சொன்னால் விளங்கும். காலையில் நிமிர்ந்து நின்றது. மத்தியானம் தொங்கியது. இரவில் திரும்ப நிமிர்ந்தது. இரண்டு மூன்று நாளில் கீழ் இலைகள் மஞ்சள். மேல் வீட்டு அன்ரி எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, தண்ணி காணாதுபோல இருக்கு, கொஞ்சம் ஊத்துங்கோவன்” என்றார். பார்க்கிற எவருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் செடி நிற்பதே தண்ணீரில். மூடியைத் தூக்கி வேரைக் கையில் எடுத்தேன். நல்ல வேர் வெள்ளையாக, விரலுக்கு இறுக்கமாக இருக்கும். மணம் இருக்காது. இது கபில நிறத்தில் வழுவழுத்தது. ஒரு வேரை இரண்டு விரலால் மெல்ல இழுத்தபோது மேல்தோல் உறைபோலக் கழன்று வந்து, உள்ளே நூல் மாதிரி நடு நரம்பு மட்டும் மிஞ்சியது. அழுகிய சாக்கடை வாடை. தெர்மாமீட்டர் 31 காட்டியது. பிஎச்சும் ஈசியும் அளவாகவே இருந்தன. இலையை மட்டும் பார்த்திருந்தால் நைதரசன் குறைவு என்றுதான் சொல்லியிருப்போம்.

அழுகிய வேர்களைக் கத்தரித்து எறிந்தேன். பெட்டியைப் பிளீச்சால் கழுவி, நன்றாக அலசிக் காயவிட்டேன். புதுக் கரைசலைப் பாதி வலுவில் கலந்தேன். நீர்மட்டத்தைக் குறைத்து, வேரின் மேல்பாதி காற்றில் இருக்கும்படி விட்டேன். பெட்டியைச் செங்கல்லில் தூக்கி வைத்து, மேற்குப் பக்கம் வெள்ளைத் துணி கட்டினேன். இரண்டு கிழமை போனதும் தண்டின் அடியிலிருந்து வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. மஞ்சளான பழைய இலைகள் பச்சையாகவில்லை. அவை ஆகவும் மாட்டா. மருந்து வேலை செய்கிறதா என்று புதுத் தளிரில்தான் பார்க்க வேண்டும். பழைய இலையைப் பார்த்துப் பொறுமை இழந்து இன்னொரு வைத்தியம் தொடங்குவதால்தான் நிறையச் செடி சாகிறது.

ஐஸ் போத்தல் பற்றிப் பலர் கேட்பார்கள். உறைய வைத்த போத்தலைப் பெட்டிக்குள் போட்டால் சூடு இறங்கும், உண்மைதான். ஆனால் அன்றாடம் செய்யும் வேலை அது. நிழலும் செங்கல்லும் அதைவிட நம்பகமானவை.

ஏர் பம்ப் விஷயத்தில் மின்வெட்டைக் கணக்கில் எடுக்காமல் முடியாது. 2022 மார்ச் முடிவில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். பம்பை மட்டும் நம்பியிருந்த பெட்டிகள் அந்த நாட்களில் அடிபட்டன. நீர்மட்டம் குறைத்து, வேருக்கும் மூடிக்கும் நடுவே காற்றுக்கு இடம் விட்ட பெட்டிகள் தாக்குப்பிடித்தன. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பேர்னார்ட் கிராட்கி சொன்ன, பம்பே தேவைப்படாத முறை அது. சலாதுக்கும் கங்குனுக்கும் இப்போது அதுதான் பாவிக்கிறேன். கறிமிளகாய்க்கு மட்டும் பம்ப். மீன் கடைக்காரர் பம்ப் தரும்போதே, “அண்ணை, தண்ணி மட்டத்துக்கு மேலே வையுங்கோ, கரண்ட் போனால் குழாய் வழியே தண்ணி திரும்பி வந்து பம்ப் எரியும்” என்றார். அவர் பேச்சைக் கேட்டதால் அந்தப் பம்ப் இன்றும் ஓடுகிறது. உயரத்தில் வைக்க வசதி இல்லாதவர்கள் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் ஒரு செக் வால்வு போடலாம்.

பிஎச் பேனாவுக்கு வருவோம். இந்தச் சாமான்களில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். ஒருமுறை சலாதின் புதுத் தளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. இரும்பு குறைந்தால் வரும் அடையாளம் அது. பேனா 6.1 காட்டியது, அந்த அளவில் இரும்பு எடுப்பதில் சிக்கல் வரக்கூடாது. சந்தேகப்பட்டு, பேனாவைச் சரிபார்க்க விற்கும், பிஎச் 6.86 என்று தெரிந்த அளவுக் கரைசலில் அதை விட்டுப் பார்த்தேன். 6.0 என்றது. அப்படியென்றால் பெட்டியின் உண்மையான பிஎச் 7 அளவில் நிற்கிறது. இரும்பு தண்ணீரில் இருந்தும் வேருக்கு எட்டவில்லை. பிஎச்சை 5.8க்கு இறக்கினேன், ஒரு கிழமைக்குள் அடுத்த தளிர் பச்சையாகவே வந்தது. உரம் ஒன்றும் சேர்க்கவில்லை.

மலிவான பேனா மாதத்துக்கு ஒரு தடவையாவது பிசகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 6.86, 4.01 கரைசல் இரண்டும் வீட்டில் இருக்க வேண்டும். கண்ணாடி முனையைக் காயவிடக் கூடாது. காய்ச்சி வடித்த தண்ணீரிலும் போட்டு வைக்கக் கூடாது. பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசல்தான் அதற்கு. பிஎச் இறக்கத் தேசிக்காய்ப் புளி விடுபவர்களும் உண்டு. ஓரிரு நாளில் கிருமிகள் அந்தப் புளியைத் தின்றுவிடும், பிஎச் பழையபடி ஏறும், கிருமி மட்டும் பெருகியிருக்கும். பொஸ்போரிக் அமிலம் சில துளி போதும்.

ஈசி பேனா அந்த அளவுக்குத் தொல்லை தரவில்லை. சலாதுக்கு 1 மில்லிசீமன்ஸ் சுற்றுவட்டாரம், கறிமிளகாய்க்கு 2 அளவில். ஒரு முக்கிய விஷயம்: உரம் போடுவதற்கு முன் வெறும் குழாய்த் தண்ணீரை அளந்து எழுதி வையுங்கள். நமக்கு வருவது களனி கங்கைத் தண்ணீர். வரட்சியில் ஆற்று நீர் குறைந்தால் கடல் உப்பு, நகரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் அம்பத்தலே பக்கம் வரை ஏறிவரும். தொடக்க அளவு தெரியாவிட்டால் ஏறியது உரமா உப்பா என்று பிறகு பிரித்துப் பார்க்க முடியாது.

கடைசியாக இலை. இணையத்தில் கிடைக்கும் இலை அட்டவணைகளில் நிறைய, கஞ்சாச் செடிக்காக வரைந்தவை. கனடாவில் 2018 இலிருந்து பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு 4 செடி வரை சட்டப்படி வளர்க்கலாம் என்பதால் அவர்கள் இதை ஆழமாக எழுதியிருக்கிறார்கள். இங்கே அது தடைசெய்யப்பட்ட செடி. ஆனாலும் அவர்கள் நோய் பார்க்கும் முறை நம் சலாதுக்கும் பொருந்தும். நைதரசன், மக்னீசியம், பொட்டாசியம் குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கும். எனவே அடையாளம் கீழே தொடங்கும். இரும்பையும் கல்சியத்தையும் அப்படி இடம் மாற்ற முடியாது. எனவே மேலே தொடங்கும். இந்த ஒன்றை மனதில் வைத்தாலே அட்டவணையில் பாதி தேவையில்லை. அவர்களின் ஈசி அளவுகளை மட்டும் எடுக்காதீர்கள், பூக்கும் செடிக்கான அளவில் சலாது கருகும்.

கல்சியம் விஷயம் கொழும்புக்காரர் கட்டாயம் அறிய வேண்டியது. சலாதின் உட்தளிர் நுனி கருகினால் தண்ணீரில் கல்சியம் இல்லை என்று அர்த்தம் இல்லை. கல்சியம் இலை வழியே நீர் ஆவியாகும் ஓட்டத்தோடு போவது. நம் ஈரக்காற்றில் அந்த ஓட்டம் மந்தம். சின்ன ஃபேன் ஒன்றை மெல்லிய வேகத்தில் ஓடவிட்டேன், கருகல் நின்றது. அப்புறம், இலையில் பொடிப்பொடியாய் வெளிறிய புள்ளி தெரிந்தால் உரத்தை மறந்து இலையைத் திருப்பிப் பாருங்கள். சிலந்திப்பேன் அடியில்தான் குடியிருக்கும்.

தேங்கிய தண்ணீர் வைத்திருக்கிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. டெங்கு ஊர் இது. செடி நிற்கும் கோப்பைக்கும் பெட்டி மூடிக்கும் இடையில் விரற்கடை இடைவெளி இருந்தாலும் நுளம்பு முட்டையிடும். என் பெட்டிகளின் எல்லாத் துளைகளுக்கும் நுளம்பு வலை ஒட்டியிருக்கிறது, கிழமைக்கு ஒருமுறை டோர்ச் அடித்துப் பார்க்கிறேன். சுகாதாரப் பரிசோதகர் வந்தால் காட்டவும் வசதி.

புதிதாகத் தொடங்குபவர் எதை முதலில் வாங்க வேண்டும் என்றால், தெர்மாமீட்டர். மிக மலிவான சாமான், எனக்கு அதிகம் உதவியதும் அதுதான். அடுத்தது ஈசி பேனா. பிஎச் பேனாவை அளவுக் கரைசலோடு சேர்த்து வாங்க முடியுமானால் மட்டும் வாங்குங்கள், இல்லாவிட்டால் துளி விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் போத்தல் அதைவிட நேர்மையானது. தக்காளியை இந்தப் பல்கனியில் நிறுத்திவிட்டேன், மேற்கு வெயிலில் அதன் பெட்டியைக் குளிர்மையாக வைக்க முடியவில்லை. அந்த இடத்தில் இப்போது கங்குன் நிற்கிறது. அதற்கு 30 பாகை ஒரு பொருட்டே இல்லை.